மலையகச் சங்கங்களுக்கு நன்கொடை நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துச் சங்கங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் என்னிடம் கேட்கப்படுபவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பீலிக்கு (மலையூற்றுத் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) குழாய் போட வேண்டும், வாசிகசாலைக் கூரை ஒழுகுகிறது, மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மேசை இல்லை. பணம் எங்கே கிடைக்கும்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) கோயில் கமிட்டியும் மரண உதவிச் சங்கமும் மட்டுமே இருக்கின்றன. நாங்கள் நன்கொடைக்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் பதிவு, வங்கிக் கணக்கு, கூட்டங்களின் அறிக்கை ஆகிய மூன்றும் வேண்டும். ஆனால் உங்களிடம் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மரண உதவிச் சங்கம் சிறிய விஷயம் அல்ல. மாதாமாதம் வீடு வீடாகக் காசு சேர்த்து, ஒரு சாவு நடந்த அன்றே பெட்டிக்கும் கூடாரத்துக்கும் தேநீருக்கும் பணம் கொடுத்து, மறுமாதம் கணக்கும் சொல்கிற அமைப்பு அது. இந்த ஒழுங்கைத்தான் நன்கொடையாளர்கள் தேடுகிறார்கள்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு நிதி நிறுவனமொன்றின் உத்தியோகத்தர் கள ஆய்வுக்கு வந்தபோது நானும் கூட இருந்தேன். இரண்டு வாரம் கண்விழித்து ஆங்கிலத்தில் தயாரித்த கோப்பை மேசையில் வைத்திருந்தோம். அவர் அதைத் திறக்கவில்லை. பொருளாளர் அம்மா மடியில் வைத்திருந்த சதுரக்கோட்டுக் கொப்பியைக் கேட்டு வாங்கினார். லயத்துக்கு (வரிசை வீட்டுத் தொகுதிக்கு) ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு வரி. பணம் கொடுத்தவர்களின் கையெழுத்து, எழுதத் தெரியாதவர்களுக்கு விரல் அடையாளம், கொடுக்காத மாதத்துக்குச் சிவப்புப் பேனையில் ஒரு கோடு. தேயிலைச் சாயமும் மழை ஈரமும் பட்டு ஓரங்கள் சுருண்டிருந்தன. அரை மணி நேரம் அந்தக் கொப்பியையே புரட்டினார். அதன் பிறகுதான் திட்டத்தைப் பற்றிப் பேசினார். அந்தக் கொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எதையோ தொடங்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்கே பதிவு செய்ய வேண்டும்?

ஒரு டிவிஷனுக்குள் வேலை செய்யும் சங்கமானால் பிரதேச செயலகத்திலிருந்து தொடங்குங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமாகவோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாகவோ பதிவு செய்துகொள்ளலாம். இளைஞர் என்றால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இளைஞர் கழகமாகலாம். யாப்பு, நிர்வாகக் குழுவினரின் பெயர்ப்பட்டியல், அவர்களைத் தெரிவுசெய்த கூட்டத்தின் அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு ஆகியவற்றைக் கேட்பார்கள்.

பல மாவட்டங்களில் வேலை செய்து, வெளிநாட்டு நிதியை நேரடியாகப் பெற நினைப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தில் பதிவு செய்ய வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (அதாவது பங்குகள் இல்லாத) கம்பனியாகவும் பதியலாம். அதற்குச் செயலாளர் நிறுவனம், வருடாந்த அறிக்கை, கணக்காய்வு என்று ஆண்டுதோறும் செலவு உண்டு. நாற்பது வீடுகள் உள்ள டிவிஷனுக்கு அந்தச் சுமை வேண்டாம் என்பது என் கருத்து.

பெயர் விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். தோட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் தமிழில் வேறு விதமாகவும் எழுதுவது நமக்குப் பழகிவிட்டது. நான் உதவிய ஒரு சங்கத்தின் பதிவுச் சான்றிதழில் ‘மேற்பிரிவு’ என்றும் வங்கிப் புத்தகத்தில் ‘அப்பர் டிவிஷன்’ என்றும் இருந்தது. அனுமதி கிடைத்து வந்த காசோலை திரும்பிப் போயிற்று. அதைச் சரிசெய்ய நான்கு மாதம் ஓடியது. அதற்குள் மழைக்காலமும் வந்துவிட்டது.

கடிதங்களைத் தமிழில் எழுதலாமா?

அரச அலுவலகங்களுக்குத் தாராளமாக எழுதலாம். தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் அரசகரும மொழி. போதாததற்கு, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. தூதரகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கேட்கும். முதலில் தமிழில் முழுமையாக எழுதுங்கள், கூட்டத்தில் வாசித்துத் திருத்துங்கள், பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதுகிற விண்ணப்பத்தில் ஊர் இருக்காது.

வாசிகசாலை கட்டப் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். காணி உறுதி (உரிமைப் பத்திரம்) கேட்கிறார்கள். எங்களிடம் உறுதி இல்லையே?

மலையகத்தில் மிக அதிகமான விண்ணப்பங்கள் விழுகிற இடம் இதுதான். நாம் ஐந்து தலைமுறையாக வாழ்கிற மண்ணில் ஒரு நூலகத்துக்கு இரண்டு பேர்ச் நிலம் காட்ட முடியவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் எழுதும்போது மனம் கனக்கிறது. ஆனால் வழி இல்லாமல் இல்லை.

முதலில் காணி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. பின்னர் அவை நீண்டகாலக் குத்தகையாயின. ஆகவே உங்கள் தோட்டத்துரை (தோட்ட முகாமையாளர்) காணியின் சொந்தக்காரர் அல்லர், கம்பனியும் குத்தகைக்காரர்தான். சில தோட்டங்கள் இன்னும் அரச நிறுவனங்களிடம் இருக்கின்றன, சில சிறு தோட்டங்கள் தனியாருடையவை. துரையின் வாய்வார்த்தையையோ அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்ததையோ வைத்துக் கட்டடம் தொடங்காதீர்கள். துரை மாறிப் போனால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. கம்பனியின் தலைமைக் காரியாலயத்திலிருந்து, இந்த இடம் இத்தனை ஆண்டுகளுக்கு இந்தப் பொதுத்தேவைக்கு என்று எழுத்தில் இணக்கக் கடிதம் வாங்குங்கள். இடத்தின் வரைபடம் அதோடு இருக்க வேண்டும். பிரதேச செயலாளரின் பரிந்துரையும் சேர்ந்தால் பல நன்கொடையாளர்கள் உறுதிக்குப் பதிலாக அதை ஏற்பது பற்றிப் பேசுவார்கள். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கட்டடம் வேண்டாம், கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ நடத்திக்கொள்கிறோம் என்று திட்டத்தையே மாற்றி எழுதியும் வெற்றி பெற்றிருக்கிறோம். புத்தகம், அலுமாரி, மேசை, மின்விளக்கு எதற்கும் உறுதி வேண்டாம்.

இன்னொன்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று சபைகள் நெடுங்காலம் கைவிரித்து வந்தன. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இன்றும் யாராவது பழைய பதிலைச் சொன்னால், அந்தத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

சரிவான நிலம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கையும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளையிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் செய்ததைப் பார்த்த பிறகு, இதை வெறும் கடதாசி வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அறிக்கை பாதகமாக வந்தால் இடத்தை மாற்றுங்கள். பிள்ளைகள் உட்காரப் போகும் கட்டடம் அது.

எந்தெந்த இடங்களில் பணம் இருக்கிறது?

உள்ளூரிலிருந்து தொடங்குகிறேன். பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் மாகாண சபைத் திணைக்களங்களிலும் ஆண்டுத் திட்டம் வகுக்கப்படும் காலத்தில் உங்கள் கோரிக்கை அங்கே எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டு பிறந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. கோயில் திருப்பணிக்கும் அறநெறிப் பாடசாலைக்கும் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் உதவி வழங்குகிறது. அங்கே ஆலயம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வீடு, குடிநீர், பிள்ளை மடுவம் (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) போன்றவற்றுக்கு நாம் ‘ட்ரஸ்ட்’ என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது. அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த அமைப்பு அது. உங்கள் தோட்டத்தின் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல தோட்டங்களில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது.

உங்கள் தோட்டம் ஃபெயார்ட்ரேட் (நியாய வணிக) சான்றிதழ் பெற்றதா? அப்படியானால் விற்கும் தேயிலைக்கு மேலதிகமாக ஒரு தொகை வரும். அதை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பது தொழிலாளர்கள் தெரிவுசெய்த குழு. அது யாரும் போடும் பிச்சை அல்ல. கொழுந்து பறித்த கைகளுக்குரிய பணம். குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டு உதவிகளில், உங்களைப் போன்ற சிறு அமைப்புகளுக்கென்றே உள்ளவை சில. ஜப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான நன்கொடை 1989இல் தொடங்கியது. கட்டடம், கிணறு, இயந்திரம், வாகனம் என்று கண்ணால் காணக்கூடிய பொருள்களுக்கு அது பொருத்தமானது. சம்பளத்துக்கும் அன்றாட நடைமுறைச் செலவுக்கும் கிடைக்காது. ஒரு திட்டத்துக்கு ஒரு கோடி யென் என்பது நெடுங்காலமாகப் பொதுவான உச்சவரம்பாக இருந்தது. அவ்வளவு பெரிய தொகையைக் கையாண்ட அனுபவம் இருந்தால்தான் கேளுங்கள்.

நீரூற்று, காடு, மண்ணரிப்பு சார்ந்த வேலை என்றால் உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டத்தைப் பாருங்கள். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக நடக்கும் இது, சமூக அடிப்படை அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் தருகிறது. நக்கிள்ஸ் வனப்பகுதியும் அதன் சுற்றுப்புறமும் இத்திட்டம் முன்பு தெரிவுசெய்த நிலப்பகுதிகளில் ஒன்று. பணமாக அல்லாமல் உழைப்பாகவும் பொருளாகவும் நீங்கள் போடும் பங்கையும் அங்கே கணக்கில் எடுப்பார்கள். தேயிலைச் சரிவில் பீலியின் நீரேந்து பகுதியைக் காப்பாற்றும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டமும் கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியமும் குறிப்பிட்ட காலத்தில் விண்ணப்பம் கோரி, குறுகிய கெடு கொடுப்பவை. கனடாவின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், அதற்குள் அடங்கும் சிறிய வேலைக்கே கேட்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு எழுதத் தொடங்கினால் நேரம் போதாது.

எங்களிடம் உள்ள பழைய பட்டியலில் யுஎஸ்எய்ட் இருக்கிறதே?

அடித்துவிடுங்கள். அமெரிக்க வெளிநாட்டு உதவி 2025 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல், அந்த உதவியை வழங்கி வந்த யுஎஸ்எய்ட் முகவரகமே செயற்படவில்லை. அதை நம்பியிருந்த பல இடைநிலை அமைப்புகளும் தங்கள் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன. எந்தப் பட்டியலும் ஓராண்டுக்கு மேல் பழையதென்றால், தொலைபேசியில் விசாரித்துவிட்டே எழுதுங்கள்.

எங்கள் பங்காக எவ்வளவு காட்ட வேண்டும்? எங்களிடம் பணமே இல்லை.

உங்களிடம் உழைப்பு இருக்கிறது, அதற்கு விலை போடுங்கள். நாம் சிரமதானத்தை இனாம் என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். ஒரு குழாய்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 வீடுகள், கிடங்கு வெட்டவும் குழாய் சுமக்கவும் வீட்டுக்கு ஒருவர் ஐந்து நாள் வருகிறார். 200 ஆள்நாள். ஒரு நாளுக்கு 1,500 ரூபா என்று வைத்தால் 300,000 ரூபா. மணலை லொறி இறக்கும் பாதையிலிருந்து தலைச்சுமையாக மேலே கொண்டுபோவது தனி வேலை, அதையும் எழுதுங்கள். கோயில் மண்டபத்தில் சீமெந்து மூட்டைகளை அடுக்கி வைக்க இடம் கொடுப்பது, மேசனுக்கு வீடு வீடாகச் சோறு கொடுப்பது, எல்லாம் பங்களிப்புதான். வரவுப் பதிவேடு வைத்து அன்றன்று கையெழுத்து வாங்குங்கள்.

மதிப்பீட்டைப் பிரதேச சபையின் அல்லது பிரதேச செயலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுப் பெறுவது நல்லது. பொருள்களுக்கு மூன்று கடைகளில் விலைமனு வாங்குங்கள். மூன்றையும் ஒரே கடைக்காரர் மூன்று கடிதத்தலைப்பில் அடித்துத் தருவதாகச் சொல்வார், வேண்டாம். பார்ப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும், உங்கள் பெயர்தான் கெடும்.

ஒருவர் பத்து வீதம் கொடுத்தால் நன்கொடை பெற்றுத் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். மேலே சொன்ன எந்த நிதியத்திலும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. விண்ணப்பம் எழுதியவருக்கு பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுப்பது நியாயம். நன்கொடையில் பங்கு கேட்பது, பிள்ளைகளின் மேசையில் ஒரு காலை அறுத்துக்கொண்டு போவது.

பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியை (உள்ளூர் வேலைகளுக்காக அவர் பரிந்துரைக்கும் அரச ஒதுக்கீட்டை) கேட்பது சரியா?

சரிதான், அது பொதுப்பணம். சங்கத்தின் பெயரில், கூட்டத் தீர்மானத்தோடு, எழுத்தில் கேளுங்கள். எந்தக் கட்சிக்காரர் தந்தாலும் பொருள் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். நிதி ஒதுக்கப்பட்டது என்று மேடையில் சொல்லப்பட்டு வேலை நடக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடம் விவரம் கேட்கலாம். 14 வேலை நாள்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

நிர்வாகக் குழுவில் பெண்கள் கட்டாயமா?

பல நன்கொடையாளர்கள் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்பதற்காக என்று செய்தால் அது வெறும் பெயர்ப்பட்டியலாகிவிடும். தண்ணீர் சுமப்பவர் யார், பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். எது முதலில் தேவை என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு டிவிஷனில் ஆண்கள் மட்டும் கூடி விளையாட்டு மைதானத்துக்கு எழுதச் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தைக் கொழுந்து எடைபோட்டு முடியும் வேளைக்கு, பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்திலேயே வைத்தோம். கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த பெண்கள் பத்து நிமிடத்தில் வேறு பட்டியலைச் சொன்னார்கள்: கழிவறைக்குப் போகும் படிக்கு விளக்கு, மடுவத்தில் கதவு, பீலிக்கரையில் மறைப்பு. மூன்றும் சேர்ந்து மைதானத்தின் பத்தில் ஒரு பங்கு செலவுகூட இல்லை. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று குறை சொல்லக் கூடாது.

நன்கொடைக்கு வரி உண்டா?

அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிந்தவர்கள் கவனிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அத்தகைய நிறுவனங்கள் பெறும் நன்கொடையில் 3 வீதத்தை வருமானமாகக் கொண்டு அதன் மீது வரி விதிக்கிறது. பெரிய தொகை பெறும் முன் ஒரு கணக்காளரிடம் பேசுங்கள்.

பணம் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

சங்கத்தின் பெயரில் கணக்கு, அதை இயக்க மூன்று பேர், அவர்களில் இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகக் கூடாது. பற்றுச்சீட்டுகளை அன்றே தாளில் ஒட்டி இலக்கமிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் கடை பில்லின் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும், ஆகவே பிரதியும் எடுத்து வையுங்கள். வேலைக்கு முன், நடுவில், முடிந்த பின் என்று ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். வரவு செலவைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். சீமெந்து விலை ஏறி கணக்கு இடித்தால், மறைக்காமல் உடனே நன்கொடையாளருக்கு எழுதுங்கள். முன்கூட்டியே சொன்னவர்களுக்குத் திட்டத்தை மாற்றி அனுமதித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த முகவரியைக் கொடுப்பது?

நம் லயங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் போகின்றன. நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் ஒன்று அப்படி ஒரு மேசையில் 11 நாள் கிடந்து, தேதி கடந்த பின் எங்கள் கைக்கு வந்தது. அதிலிருந்து நகரத்தில் கடை வைத்திருக்கும் உறுப்பினரின் முகவரியையும் இரண்டு தொலைபேசி எண்களையும் சேர்த்தே எழுதுகிறோம்.

இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். மறுபடியும் எழுதலாமா?

எழுதுங்கள். காரணத்தைப் பணிவாகக் கேட்டு எழுதினால் பலர் சொல்வார்கள். பீலித் திட்டம் ஒன்று எங்களுக்கு இரண்டு முறை திரும்பி வந்தது. ‘தேவை தெளிவாக இல்லை’ என்று பதில். குடிநீர்ப் பற்றாக்குறை, சுகாதாரச் சீர்கேடு என்று பெரிய சொற்களாக நிரப்பியிருந்தோம். மூன்றாம் முறை, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பீலிக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் இடையில் நடந்து, படிகளை எண்ணி, ஒரு படம் வரைந்தாள். கடைசி லயத்துக்கு 214 படி. ஒரு குடத்தோடு ஏற எத்தனை நிமிடம், காலையில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஜனவரியிலிருந்து மார்ச் வரை பீலி எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். அந்தப் படத்தை முதல் பக்கமாக வைத்து, பெரிய சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு அனுப்பினோம். ஆறு வாரத்தில் கள ஆய்வுக்கு வந்தார்கள், அவளையே முன்னால் நடக்கச் சொல்லிப் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினார்கள்.